அகத்திக்கீரையோடு வந்தவர்

கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். ஆடு ஒன்று தொலைந்துபோகும் படக்கதையைப் பாதிவரை வாசித்துவிட்டு, அந்த ஆட்டுக்காகக் 'காணவில்லை' நோட்டீஸ் எழுதச் சொன்னேன். "பெயர் சொன்னால் வராது, அகத்திக்கீரை காட்டினால் வரும்" என்று எழுதியிருந்தாள் தேன்மொழி. தேவையில்லாத வரி, அடித்துவிடு என்றேன். அவள் அடிக்கவில்லை. பள்ளியின் பெயரையும் சேர்த்து எழுதி, வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் ஒட்டிவிட்டாள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு விவசாயி நின்றார். முழங்கால்வரை சேறு. கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை.

"நோட்டீஸ பாத்துட்டு விடிஞ்சதுலேர்ந்து வாய்க்கா ஓரமா தேடுறேன் டீச்சர். ஆடு ஆம்புடல."

கூசிப்போய், அது கதையில் வரும் ஆடு என்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கீரையைப் பார்த்தார்.

"அப்ப கதையிலயாவது கெடச்சிதா?"

தேன்மொழி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து மீதிப் பக்கங்களை வாசித்துக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போதும் ஒரு பிள்ளையின் வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தால், அந்தக் கீரைக்கட்டு கண்முன் வந்து நிற்கிறது. பேனாவை மூடிவிடுகிறேன்.