காப்புக் கட்டிய பிறகும் மலையிறங்கினோம்

என் பேத்தி கோகிலாவுக்குப் பதின்மூன்று வயதில் லூபஸ் வந்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். முதலில் கன்னங்கள் சிவந்தன. வெயிலில் நின்றால் இன்னும் சிவக்கும். பிறகு விரல் மூட்டுகளில் வலி. பேனா பிடிக்க முடியாமல் அழுவாள். தலை சீவினால் முடி கொத்தாக வரும். மாத்திரையால் முகம் உப்பியது. வளர வேண்டிய வயதில் வளரவில்லை. வகுப்பில் அவளைப் 'பன்னு' என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அம்மனை நம்பும் அன்பர்களே, இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் செய்ததைக் கேளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகமும் என்னிடம் இருந்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், தேர் நிலைக்குத் திரும்பும்வரை ஊரார் எல்லை தாண்டக் கூடாது. அந்தப் பங்குனியில், காப்புக் கட்டிய மறுநாள் அவளுக்குச் சேலத்தில் பரிசோதனை. மாத்திரையும் தீர்ந்திருந்தது.

"ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்கப்பா" என்றாள் என் மகள் செல்வி.

"அம்மன் பாத்துக்குவா. திருவிழா முடியட்டும்" என்றேன். பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்திய வாய் அது.

தேருக்கு முந்தைய நாள் காலையில் கோகிலாவின் இமைகள் வீங்கிக் கிடந்தன. பாதத்தை அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீர் நுரைத்தது. நோய் சிறுநீரகத்தைத் தொடலாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்.

"மூச்சு முட்டுதுங்க அப்புச்சி. சாமிய அப்பறமா கோவிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள்.

கோயிலுக்கு ஓடினேன். அழவில்லை, சண்டை போட்டேன். "தாயே, தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடு. பிள்ளையைத் தொடாதே. எங்களுக்கு வழி விடு." பூ விழவில்லை. பல்லிகூடச் சத்தம் போடவில்லை. என் கையிலிருந்த காப்பை நானே அறுத்து அம்மன் காலடியில் வைத்தேன்.

எல்லைக் கல்லருகே எங்கள் வேனைச் சிலர் மறித்தார்கள்.

"வாத்தியாரய்யா, போன வருசம் என்ற தங்கச்சி பிரசவத்துக்குப் போறேன்னப்ப உட்டீங்களா? உங்க ஊட்டுக்குன்னா வேற சட்டமா?" என்று ஒருவன் கேட்டான்.

"அப்பப் பண்ணுனதும் தப்புதான். இப்ப வழிய உடு சாமி" என்றேன். அவன் நகரவில்லை.

அப்போது சடையன் பூசாரி வந்தார். ஊருக்கே காப்புக் கட்டியவர். கட்டுப்பாட்டில் என்னைவிடக் கறாரானவர். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ வேன் கதவைத் திறந்து ஏறி, கோகிலாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"காப்புக் கட்டுனவனே தாண்டுறேன். ஆத்தா கேட்டா நான் சொல்லிக்கறேன். மறிக்கறவன் எவனோ, அவனே நாளைக்குச் சூடமும் காட்டிக்கட்டும்!"

விலகினார்கள். என் பிரார்த்தனையை அவர் கேட்டிருக்கவில்லை. அம்மன் கேட்டிருந்தாள். மலையடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் "பயப்படாத கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரையை நிறுத்தியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

நோய் ஓடிவிட்டது என்று பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். அது அடங்கும், மறுபடி சீறும். பதினாறு வயதில், முகம் உப்புகிறதென்று அவளே மாத்திரையை ஒளித்துவைத்து மீண்டும் படுத்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். குடையில்லாமல் வெயிலில் இறங்க மாட்டாள். தோழிகளைவிடக் குள்ளம், வாய் மட்டும் எல்லோரையும்விட நீளம். சிறுநீரகங்கள் வேலை செய்கின்றன. அம்மனுக்கு நான் தினமும் சொல்லும் நன்றி அதற்குத்தான்.

அந்த வருடம் மழை குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். காப்புக் கட்டும் நாளில் எங்கள் ஊர் மைக்கில் இப்போது ஒரு வரி கூடுதலாக ஒலிக்கிறது. பூசாரியும் நானும் சேர்த்தது. "ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு எல்லை இல்லீங்கோ!"

நம்பிக் கேளுங்கள், அம்மன் தருவாள். கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.