பொட்டு வைத்த டிஸ்க்

எதையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். அண்ணியின் லெப்டாப் டக் டக் என்று சத்தம் போடுகிறது என்று தெரிந்ததுமே செரண்டாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கோலா சிலாங்கூரில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அண்ணிமேல் அக்கறை பாதி, அதற்குள் என்னதான் ஆகிறது என்று பார்க்கும் ஆசை பாதி.

உண்மையில் அது அண்ணனின் லெப்டாப். தோட்டத்து ஆட்கள் கல்யாணப் பொருத்தம் பார்க்க அவரிடம்தான் வருவார்கள். அவர் இறந்த பிறகு அண்ணி பார்க்கிறார். அந்த ஜாதக புரோகிராமின் சிடி எங்கே போனதோ, விற்ற கடையையும் மூடிவிட்டார்கள். டக் டக் என்று அடிக்கும் அந்த டிஸ்க் செத்தால் எல்லாம் போச்சு.

"அழிச்சிட்டு புதுசா எதையும் போட்டுராத தம்பி. அவரு வச்சது வச்ச எடத்துலயே இருக்கணும்," என்றார் அண்ணி.

திரையைப் பார்த்தேன். கொட்டிக் கவிழ்த்த மாதிரி ஐகான்கள். ஒழுங்குக்கும் அண்ணனுக்கும் என்றைக்குமே ஆகாது.

"இந்தக் குப்பையுமா அண்ணி?"

"குப்பையுந்தான் லா."

வாங்கிவந்த புது டிஸ்க்கை ஒயரில் மாட்டி, பழையதில் இருப்பதை விண்டோஸ் முதற்கொண்டு அப்படியே நகலெடுக்க விட்டேன். அண்ணி அடுப்படிக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு ஆணிகூட அசையாத அந்தப் புது டப்பாவுக்குள் அண்ணனின் குப்பையெல்லாம் எப்படிப் போய் உட்காருகிறது? எத்தனை தடவை படித்திருந்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

நகல் முடிந்ததும் பழையதைக் கழற்றி, இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஒன்றின்மேல் சந்தனமும் குங்குமமும். நம் வீடுகளில் புது மோட்டார் வந்தாலும் புது அடுப்பு வந்தாலும் முதலில் பொட்டுதானே. இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. பொட்டு வைத்ததை மாட்டி மூடிவிட்டேன்.

டக். டக்.

நகலோடு நோயும் சேர்ந்து வந்துவிட்டதா? புதியதில் சுற்றுவதற்கே எதுவும் கிடையாதே, சத்தம் மட்டும் எங்கிருந்து வரும்? பயத்தையும் மீறி அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. அவசரமாகக் கழற்றினேன். கையில் கனத்தது. புதியது இவ்வளவு கனம் இல்லை.

"அண்ணி, எதுக்குப் பொட்டு வச்சீங்க?"

"பழசுக்குத்தான் வச்சேன். புதுசு இன்னும் என்னா வேல பாத்துச்சு? இதுதான இத்தன வருசம் அவருகூட ஒழைச்சிச்சு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புதியதை மாட்டினேன். சத்தமே இல்லாமல் திரை விரிந்தது. ஐகான்கள் ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஜாதக புரோகிராமும் எதையும் கேட்காமல் திறந்துகொண்டது.

"அதே குப்ப," என்றார் அண்ணி.

கிளம்பும்போது பழைய டிஸ்க் சாமி மேடையில், அண்ணனின் படத்துக்குக் கீழே இருந்தது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு இருக்கும், டக் டக் என்று அடித்த முள் எது என்று பார்த்துவிடலாம். நான் அதையே பார்ப்பதை அண்ணி கவனித்துவிட்டார்.

"ஒனக்கு வேணுமா தம்பி, பிரிச்சுப் பாக்க?"

"வேணாம் அண்ணி," என்றேன்.

என் கைக்கு எட்டியும் நான் பிரித்துப் பார்க்காமல் விட்டுவந்த சாமான் அது ஒன்றுதான்.