பிக்குமார் இருக்கை

போன கிழமை மொன்றியலிலிருந்து புரோசார்ட் போகும் பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இருங்கோவன் அம்மா, ஒருத்தரும் உங்களை எழுப்பமாட்டினம்" என்றாள் மகள். நான் முன்னாலும் உட்கார மாட்டேன், பின்னாலும் உட்கார மாட்டேன். அவள் சலித்துக்கொண்டு கைத்தொலைபேசிக்குள் போய்விட்டாள். உங்களுக்காவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் பஸ்ஸின் முன் இருக்கை மதகுருமாருக்கு. பிக்கு ஏறினால் எழும்பவேண்டும். அதனால் நாங்கள் ஏறியதும் நேரே பின்னுக்குப் போய்ப் பழகியவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பழக்கத்தைப் பாங்கொக்குக்கும் கொண்டுபோனேன். கனடாவுக்கு அனுப்புவதாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்கள் பாஸ்போர்ட்டுகளைத் தானே வைத்துக்கொண்டான். அறை மாற்றும்போதெல்லாம் எங்களை டவுன் பஸ்ஸில்தான் அனுப்புவான். "பஸ்ஸுக்குள்ள ஆளையாள் தெரியாது. தமிழ் கதைச்சா துலைஞ்சியள்" என்பான்.

அன்று நானும் வசந்தியும் போனோம். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு மாதமாக என்னோடு ஒரே அறையில் இருந்தவள். காலையில் என் தலையைப் பின்னிவிடுவதும் அவள்தான். மலேசியாக்காரி மாதிரி இருக்கட்டும் என்று எனக்கு ஜீன்ஸ் மாட்டியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் ஜீன்ஸ். சாக்குக்குள் காலை விட்டவள்போல் ஏறினேன்.

உள்ளே நெரிசல். கொண்டக்டர் பெண் தகரக் குழாயைச் சடசடவென்று தட்டி டிக்கெட் கிழித்தாள். இத்தனை பேர் நிற்க, கடைசி இருக்கை மட்டும் ஏன் காலி என்று யோசிக்க எனக்கு மூளை ஓடவில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தரிப்பில் ஒரு பிக்கு ஏறினார். பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் உட்கார முடியாது, விலகி நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்து ஏதேதோ சொன்னார்கள். ஒன்றும் விளங்கவில்லை. எழும்பாமல் அப்படியே இருந்தேன்.

"அக்கா, எழும்புங்கோ! அது பிக்குமாற்ற சீற்!"

நடுவில் நின்ற வசந்திதான். சொன்னதுமே வாயைப் பொத்திக்கொண்டாள். கதவருகே நின்ற பொலிஸ்காரன் அந்த மொழியைக் கேட்டுத் திரும்பினான். பாஸ்போர்ட் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அவள் வெறுங்கையை விரித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று. அடுத்த தரிப்பில் அவளை இறக்கிக்கொண்டு போனான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல. அவள் பின்னிய பின்னலை மூன்று நாள் அவிழ்க்கவில்லை.

அடுத்த வருடம் மொன்றியல் டவுன்டவுனில் என் அகதி விசாரணை. எந்த பஸ், எங்கே ஏறினாய் என்று குடைந்தார்கள். ஒரு பதில் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதைக் கேட்டாலும் தனியே வந்ததாகச் சொல்லும்படி ஏஜென்சிக்காரன் பாடமாக்கியிருந்தான். மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர்.

"உங்ககூட யாராவது வந்தாங்களான்னு கேக்கறாரு."

"இல்லை. தனியத்தான் வந்தனான்."

என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன். வசந்தியை ஒருவருக்கும் தெரியவில்லை. அது அவளுடைய சொந்தப் பெயரா, ஏஜென்சிக்காரன் வைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. அவனும் எங்கோ மறைந்துவிட்டான். அவள் என்னோடு வந்தாள் என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒரே இடம் என் விசாரணைக் கோப்பு. பொலிஸ்காரன் அவளை பஸ்ஸிலிருந்துதான் இறக்கினான். அந்தக் கோப்பிலிருந்து இறக்கிவிட்டவள் நான்.