ஷோகனுக்கு இன்னொரு பெயர்

செங்கலடியில் பஸ் ஏறி என் பக்கத்தில் அமர்ந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போக மொழி படிக்கிறாராம். என்னோடு பேசும்போதும் அவர் விரல் மடியிலிருந்த பையின்மேல் அந்த எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தது.

பையிலிருந்து அவர் எடுத்த பாடக் கொப்பியில் தமிழில் 'ஷோகன்' என்று எழுதியிருந்ததைக் கண்டு, "இது அந்த நாட்டு ராசாதானே?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அந்தக் காலத்தில ராசா பேருக்கு இருப்பார். ஆளுறது இவர், படைத்தளபதி. முழுப்பேருக்குக் கருத்து, காட்டுமிராண்டிகளை அடக்குற பெரிய தளபதி எண்டு."

"யாரு காட்டுமிராண்டிகள்?"

"முந்தியே அங்க இருந்த சனம்தான். அதுகளோட சண்டைக்கு அனுப்பின ஆளுக்குத்தான் முதல்ல இந்தப் பேர். பிறகு ஆண்டவங்களும் அதையே வச்சுக்கொண்டாங்க."

"எந்தப் பக்கத்துச் சனம்?"

"வடகிழக்கு."

அவர் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார்.

தன்னாமுனையில் இறங்க எழுந்தவர் என் பக்கம் குனிந்தார். "அந்தச் சனம் அந்தத் தளபதியை என்னெண்டு கூப்பிட்டிருக்கும் அக்கா? படிப்பிக்கிற சேரிட்டக் கேட்டன். சோதினைக்கு வராது எண்டுட்டார்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அந்தச் சனத்துக்கு மற்றவர்கள் வைத்த பெயர்கள்தான் கிடைத்தன.