பன்னிரண்டாம் மைல் தோட்டத்துப் பெரட்டு

ஜப்பான்காரர்கள் வந்து இரண்டாம் வருடம். தெமியாங்கில் நான் வேலை பார்த்த மளிகைக் கடையின் முதலாளி, மத்தியானம் தன் சைக்கிளைக் கொடுத்தார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் கித்தா என்கிற ரப்பர்ப் பட்டையைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. போர்டிக்சன் சாலையில், பன்னிரண்டாம் மைல் ரப்பர் தோட்டத்திலிருந்து அக்கா அஞ்சலையை அழைத்து வர வேண்டும். அத்தானைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனதிலிருந்து அவள் சாப்பிடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். போய்ச் சேரும்போது உயிரோடு இருப்பாளா என்றே பயந்தேன்.

காவல் நின்ற சிப்பாய்களுக்கு இறங்கி இறங்கிக் குனிந்தேன். வழியில் ஒரு கடையில் உள்ளங்கை அகல மரவள்ளி அடைக்கு ஜப்பான் நோட்டில் இரண்டு வெள்ளி பிடுங்கினார்கள், பகல் கொள்ளை. தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அக்கா சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"காலையில கிளம்பலாம் அக்கா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வைத்துவிட்டுப் போன கிழங்கு அப்படியே இருந்தது.

விடியும் முன், மணிக்குப் பதிலாகத் தொங்கிய இரும்புக் கம்பியை அடித்தார்கள். பெரட்டு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் நேரம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால்வெட்டு நின்றுபோன தோட்டத்தில் என்ன பெரட்டு? அக்கா பழக்கத்தில் எழுந்து நடந்தாள். நானும் போனேன்.

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று யாரும் சொல்லவில்லை.

"வெத்தலையும் சுண்ணாம்பும் ஒரே நாள்ல கிடைச்சிச்சு லா."

"புள்ள தூக்கத்துல சிரிச்சான்."

"மழையில குளிச்சேன்."

பச்சையம்மா என் காதில் சொன்னாள்: "நேத்து நல்லா இருந்தது ஒண்ண சொல்லணும் தம்பி. சயாமுக்கு ஆளுங்க போனப்புறம் ரெண்டு பேரு நாண்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் மண்டோரு இப்படிக் கேக்குறாரு."

எனக்கு மெய்சிலிர்த்தது. எந்தக் கோயிலிலும் நான் அப்படி நின்றதில்லை. சோற்றுக்கே வழியில்லாத சனங்கள், நேற்றைய நாளிலிருந்து ஆளுக்கு ஒன்றைத் தேடி எடுத்து வந்திருந்தார்கள்.

"அஞ்சல" என்றார் மண்டோர்.

அவர் அடுத்த பேருக்குப் போகவில்லை. யாரும் அவளை அவசரப்படுத்தவும் இல்லை.

"தம்பி வந்தான்" என்றாள் அக்கா. குரல் கரகரத்தது. "மூஞ்சி பூரா செம்மண்ணு, கண்ணு மட்டும்தான் தெரிஞ்சிச்சு. குரங்கு மாதிரி வந்து நின்னான். சிரிப்ப அடக்கிக்கிட்டேன்."

கூட்டமே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளிச்சம் வந்ததும் சைக்கிளை எடுத்தேன். அக்கா கிழங்குத் தோட்டத்துக்குப் போக மண்வெட்டியோடு நின்றாள்.

"வரலியா அக்கா?"

"நீ போடா. நாளைக்குச் சொல்றதுக்கு ஒண்ணு தேடணும்."

வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. தனியாகவே தெமியாங்குக்குத் திரும்பினேன்.