பங்களா வளைவு

மாத்தளை மாவட்டத்திலேயே, நின்றபடி ஓட்டுகிற மின்சார ஸ்கூட்டரில் ஆட்களைக் கூட்டிப்போய் ஊர் காட்டுகிற முதல் பொம்பளை நான்தான். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. வந்தாலும் முதல் ஆள் நான்தான், அதை யாரும் மாற்ற முடியாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தி முப்பத்தெட்டு வயதில், தலையில் ஹெல்மட்டும் வாய்க்கு நேரே மைக்குமாக முன்னால் போகிறாள். பின்னால் ஆறு வெள்ளைக்காரர்கள் வாத்துக் குஞ்சுகள் மாதிரி வரிசையாக வருகிறார்கள். அலுவிகாரையில் பஸ்ஸுக்கு நிற்கிற சனமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. பெருமைப்படாமல் வேறு என்ன செய்வது?

இது உட்கார்ந்து ஓட்டுகிற ஸ்கூட்டர் இல்லை. சக்கரங்கள் இரண்டும் முன்னும் பின்னுமாக இல்லாமல் இடமும் வலமுமாக இருக்கும். நடுவில் ஒரு பலகை, அதில் ஏறி நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ள இடுப்புக்கு மேலே ஒரு கைப்பிடி, கைப்பிடியில் ஒரு சின்ன மணி. முறுக்கவும் எதுவும் இல்லை, மிதிக்கவும் எதுவும் இல்லை. உடம்பை முன்னால் சாய்த்தால் போகும், பின்னால் சாய்த்தால் நிற்கும். உடம்பு என்ன சொல்கிறதோ அதை மட்டும்தான் கேட்கும். வாய் சொல்வதைக் கேட்காது. எனக்கு வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை. வருகிறவர்களுக்குக் கறுவாப் பட்டையை உரித்துக் காட்டுவேன், மிளகுக் கொடியையும் கொக்கோக் காயையும் பற்றி இங்கிலீஷில் விளக்கம் சொல்வேன். ஜெர்மன்காரர்கள் வந்தால் ஏலக்காய்க்கும் கராம்புக்கும் அவர்கள் பாஷையிலேயே பெயர் சொல்லி அசத்துவேன். அங்கேதான் நானா என்னைப் பார்த்தார். டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனுஷர். அண்ணன் என்கிற முறையில் நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். திருகோணமலையில் அவருடைய மச்சான் இந்த ஸ்கூட்டர்களை வைத்துத் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த நானாவுக்கு நாமும் மாத்தளையில் செய்தால் என்ன என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஏழு ஸ்கூட்டரை வாங்கிப் போட்டுவிட்டு, ஓட்டிக்கொண்டு பேசத் தெரிந்த ஆளைத் தேடினார். பேச எனக்குத் தெரியும். ஓட்டக் கற்றுக்கொள்ளப் பத்து நாள் திருகோணமலைக்கு அனுப்பினார்.

பத்து நாளும் கடலோர வீதிதான். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் வீதியை மறித்துக்கொண்டு படுத்திருக்கும் மான். பயிற்சிக்கு வந்தவர்கள் ஐந்து பேர், மற்ற நான்கு பேரும் ஆம்பிளைகள். முதல் நாளே நான்கு பேரும் விழுந்தார்கள், ஒருத்தர் மானின் மேலேயே விழப் பார்த்தார். நான் விழவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மூன்று வருஷம், மழை ஈரத்தில் வழுக்குகிற மலையில், முதுகில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால் இது. தட்டையான தார் ரோட்டிலா விழும்?

"இந்தத் தங்கச்சியப் பாருங்க. கீழ பாக்காமலே ஓட்டுறாங்க" என்று மச்சான் அந்த நான்கு பேரிடமும் சொன்னார். அந்த வசனத்தை இன்றைக்கு வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாத்தளையில் எங்கள் சுற்றுக்கு ஒரு பாதை போட்டோம். அலுவிகாரைக் குகைக் கோயிலடியில் தொடக்கம். மெயின் ரோட்டுக்குப் போகாமல் உள் ரோட்டால் போய், மிளகும் கொக்கோவும் காய்க்கிற தோட்டங்களைக் கடந்து, மெல்ல மெல்ல மலையேறி, தேயிலைக்குள் புகுந்து, கடைசியில் தோட்டத்தை நிர்வகித்த தொரையின் பழைய பங்களாவின் முன்வாசலில் போய் முடியும். அங்கே தேத்தண்ணியும் கேக்கும். நான் பிறந்த தோட்டத்தின் பங்களாதான் அது. இப்போது அங்கே தொரை இல்லை. ஹோட்டலாக்கி விட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு சின்ன வயதுச் சிங்கள மனுஷர் மேனேஜராக இருக்கிறார். நன்றாகவே தமிழ் பேசுவார்.

அவர் ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை அவருடைய விருந்தாளிகள் நான்கு பேரை வெள்ளோட்டமாகக் கூட்டிப்போக வேண்டும். ஓட்டம் தடங்கல் இல்லாமல் வந்து முன்வாசல் படியடியில் முடிய வேண்டும். அவருக்குப் பிடித்திருந்தால் ஹோட்டலுக்கு வருகிற எல்லோரையும் எங்களிடமே அனுப்புவார். பிடிக்காவிட்டால் நானா கண்டியிலிருந்து வேறு ஒரு கைடைக் கொண்டுவந்து முன்னால் விடுவார். நானா இதை நேராக என்னிடம் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். நான் திரும்பவும் கறுவாப் பட்டை உரிக்கப் போக வேண்டியதுதான்.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தோம். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு இடத்தைத் தவிர. பங்களாவுக்கு ஏறுகிற ரோட்டில் கடைசியாக ஒரு வளைவு. அதில் திரும்பினால் பங்களாக் கேட்டின் வெள்ளைத் தூண்கள் இரண்டும் தெரியும். அங்கே வந்ததும் ஸ்கூட்டர் நின்றுவிடும். திங்கட்கிழமை நின்றது. செவ்வாய்க்கிழமையும் நின்றது. நானா பேட்டரியை மாற்றினார், புதன்கிழமையும் நின்றது. வேறு ஸ்கூட்டரைத் தந்தார், அதுவும் சரியாக அதே இடத்தில் நின்றது.

வியாழக்கிழமை நானா அதே ஸ்கூட்டரில் தானே ஏறி ஓட்டினார். வளைவில் அது கொஞ்சமும் தயங்காமல் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது.

"மெஷின்ல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி. அந்த எடத்துல நீங்கதான் பின்னால சாயிறீங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "நான் ஏன் சாயிறேன்? எனக்கு ஓட்டத் தெரியாதா? உங்க மச்சான்கிட்டயே கேளுங்க" என்று சண்டைக்குப் போனேன். அவர் என்னை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி, போனில் படம் பிடித்துக் காட்டினார். பார்த்தேன். வெள்ளைத் தூண் தெரிந்த அந்த நொடியில் என் குதிகால் இரண்டும் அழுந்துகின்றன, இடுப்பு பின்னுக்குப் போகிறது, ஒரு காலை இறக்கிக் கீழே வைக்கப் பார்க்கிறேன். அப்படிச் செய்தது எனக்கே தெரியவில்லை.

அப்பாவும் அந்த வளைவில் இப்படித்தான் இறங்குவார்.

அப்பா தோட்டத்துத் தப்பால்காரர். டவுன் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்துக் கடிதங்களையெல்லாம் தோல் பையில் போட்டுப் பூட்டி, சைக்கிளில் பங்களாவுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. முப்பது வருஷம் செய்தார். லயத்தில் வேறு யாருக்கும் சைக்கிள் கிடையாது. சாம்பல் போட்டுத் துலக்கிய மணி வெள்ளி மாதிரி மின்னும். கீழ் ரோட்டில் அந்த மணிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் எல்லாம் ஓடி வருவோம். ஆனால் அந்த வளைவு வந்ததும் அப்பா இறங்கிவிடுவார். தொரை வீட்டு முன்னால் யாரும் சைக்கிளில் ஏறிப் போவதில்லை. மழையாக இருந்தாலும் குடையை மடக்கிக்கொள்ள வேண்டும். தோளில் துண்டு இருந்தால் அது கைக்கு வந்துவிடும். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறுவார். கல் ரோடு என்பதால் சைக்கிள் குலுங்கும்போது மணி தானாகக் கிணுகிணுக்கும். அது தொரைக்குக் கேட்கக் கூடாது என்று ஒரு உள்ளங்கையால் மணியைப் பொத்திக்கொண்டே போவார். முன்வாசலைத் தலை நிமிர்த்திப் பார்க்காமல் பின்பக்கமாகப் போய்க் சமையல் நடக்கிற குசினிக் கதவில் பையைக் கொடுத்துவிட்டு வருவார்.

நானும் அந்த வளைவில் குடையை மடக்கி நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனவள்தான். பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டேன், குடையை மறந்துவிட்டேன், இந்தப் பாழாய்ப்போன உடம்பு மட்டும் எதையும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லயத்துக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன்.

"அந்த வளைவுல எறங்கச் சொல்லி உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்கப்பா எறங்குனாரு, நானும் எறங்குனேன்."

"தொரை ஒரு நாளாவது சொல்லியிருக்காரா?"

"இல்ல பாப்பா. அவரு எங்களப் பாத்ததே இல்லியே" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. திட்டுவதற்காவது ஒரு ஆள் கிடைப்பான் என்று பார்த்தால் அதுவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் நானா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த வளைவு வரைக்கும் நீங்க போங்க தங்கச்சி. அங்கேருந்து நான் முன்னுக்குப் போறேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். "வேண்டாம் நானா, முழுக்க நானே போறேன்" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கடைசி ஸ்கூட்டரில் ஏறினார்.

விருந்தாளிகள் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நல்ல மனிதர்கள். குகைக் கோயில், மிளகு, கொக்கோ, தேயிலை எல்லாம் சிரிப்பும் கேள்வியுமாகப் போனது. கடைசி வளைவில் திரும்பினோம். வெள்ளைத் தூண்கள் தெரிந்தன. என் ஸ்கூட்டர் நின்றது. எனக்குப் பின்னால் நான்கு பேரும் நின்றார்கள். போதாததற்கு, இது சுற்றுலாவில் ஒரு பகுதி என்று நினைத்து நான்கு பேரும் மரியாதையாகக் கீழே வேறு இறங்கிவிட்டார்கள். மேலே படியில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நானா கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்கே என்ன பார்க்க வேண்டும்?" என்று ஒரு பெண் கேட்டார்.

கீழே தெரிகிற பள்ளத்தாக்கைக் காட்டி, அழகான காட்சி என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் மைக்கில் என் வாயிலிருந்து வந்தது வேறு. "என் அப்பா முப்பது வருஷம் இந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கினார். இந்த வீட்டுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஏறிப் போவதில்லை. அதனால்தான் என் உடம்பும் நின்றுவிட்டது" என்றேன். இங்கிலீஷ் அவ்வளவு தெளிவாக எனக்கு வேறு எந்த நாளும் வந்ததில்லை. பிறகு அந்தப் பெண் மெதுவாக, "அப்படியானால் நாம் இனி நடந்து போகிறோமா?" என்று கேட்டார்.

"இல்லை. ஏறுங்கள்" என்றேன்.

நானும் ஏறினேன். குதிகால் அழுந்தப் பார்த்தது. பெருவிரலை ஊன்றி, நெஞ்சை முன்னால் கொடுத்தேன். தூண்களுக்கு நடுவால் போனோம். பின்பக்கம் திரும்புகிற பாதையைக் கடந்தோம். நேராக முன்வாசல் படியடியில் போய், ஒரே வரிசையில் நின்றோம். பெருமை என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. விருந்தாளிகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அக்கா, அந்தக் கதையத் தினமும் அதே எடத்துல சொல்லுங்க, ஆட்களுக்கு நல்லாப் புடிக்கும்" என்றார். நானா என்னைப் பார்த்தார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பா இறங்கி நடந்ததைக் கேக்கோடும் தேத்தண்ணியோடும் தினமும் பரிமாற எனக்கு மனசில்லை. யாராவது கேட்டால் சொல்கிறேன். கேட்காதவர்களுக்குத் தேயிலையைக் காட்டுகிறேன், அதுவும் எங்கள் ஆட்கள் நட்டதுதான். மேனேஜருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் ஆட்களை அனுப்புகிறார். முன்னால் போகிறவள் இன்றைக்கும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து, சுற்று இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானாவிடம் கேட்டு இரண்டு ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது அப்பாவை விளையாட்டு மைதானத்தில் ஏற்றி அரை மணி நேரம் ஓட்டவிட்டேன். சைக்கிள் கால் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். எங்கே போகிறோம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹெல்மட்டைப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

வளைவில் திரும்பினோம். தூண்கள் தெரிந்ததும் அப்பாவுடைய ஸ்கூட்டர் நின்றது. அப்பா இறங்கிவிட்டார். அப்பா பங்களாவைப் பார்த்தபடியே நின்றார். கை தன்பாட்டில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு போய், அந்தச் சின்ன மணியைப் பொத்திக்கொண்டது.

பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எடுத்தார்.

"இது அடிக்குமா பாப்பா?"

"அடிங்கப்பா."

அப்பா பலகையில் ஏறினார். முன்னால் சாய்ந்தார். தூண்களைத் தாண்டும்போது அடிக்கத் தொடங்கினார், முன்வாசல் படி வரும்வரை கட்டை விரலை எடுக்கவே இல்லை. மேனேஜர் என்னவோ ஏதோ என்று ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். "ஐயா, யாரு நீங்க?" என்றார்.

அப்பா படியடியில் ஸ்கூட்டரின் மேல் நின்றபடியே, நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"தப்பால் வந்திருக்கு" என்றார்.