அண்ணன் அடித்த சிவப்புப் பெயிண்ட்

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த என் அண்ணனுக்கு, வந்த மறுநாளே அப்பா விட்டுப்போன டிராக்டர் மேல் பாசம் பொங்கிவிட்டது. கல்லல் பக்கம் எங்கள் தோட்டத்தில் அது வருஷக்கணக்காக டயர் புதைந்து நின்றபோது எங்கே போயிருந்ததோ அந்தப் பாசம்!

எனக்கு அது பாச விஷயமில்லை, வயிற்றுப்பாடு. போன வருஷம் வாடகை டிராக்டர் ஊரையெல்லாம் உழுதுவிட்டு எங்கள் வயலுக்கு வந்தபோது ஈரம் காய்ந்துபோயிருந்தது. விதைத்தது முளைக்கவே இல்லை. இந்த வருஷம் மழைக்குள் சொந்த வண்டி ஓடியாக வேண்டும். எஞ்சினோ துருவேறி இறுகிக் கிடந்தது. டீசலையும் ஆயிலையும் கலந்து உள்ளே ஊற்றி ஊறவிட்டேன். தினமும் காலையில், எஞ்சின் சுற்றுமா என்று கம்பி போட்டு மெதுவாக நெம்பிப் பார்ப்பேன். அசையாது. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று மூடிவிடுவேன்.

அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை.

"என்னடா, ஊறுகாயா போடுற? இன்னொரு டிராக்டரக் கட்டி இழுத்தா தன்னால ஸ்டார்ட் ஆயிரும்."

"உள்ள ராடு வளைஞ்சா அப்புறம் பழைய இரும்புக் கடைதாண்ணே. நீங்க சும்மா இருக்கீகளா?"

சும்மா இருந்தாரா? நான் விலைக்கு வாங்கிய நெல்லை அரைக்கப் புதுவயல் ஊர் மில்லுக்குப் போன நேரம் பார்த்து, வண்டி முழுக்கச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். துருவுக்கு மேலேயே. நட்டு, போல்ட்டு, ஆயில் மூடி, எதையும் விடவில்லை. சீட்டுக்கு அடியில் செத்துக் கிடந்த பல்லிக்கும் சேர்த்து அடித்திருந்தார்.

பிறகு வீடியோ எடுக்க வேண்டுமாம். மண்ணை வெட்டி டயரை வெளியே எடுத்தோம். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவர் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து கையசைத்தார். பின்னால் குனிந்து தள்ளியது நானும் பங்காளிகளும். பழம் நசுங்குவதற்குள் எங்கள் இடுப்பு நசுங்கிவிட்டது. அவர் அதற்குப் பாட்டைப் போட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியதால் எஞ்சின் ஓடாதது யாருக்கும் தெரியவில்லை. அப்பா வண்டிக்கு உயிர் கொடுத்த மகன் என்று சொந்தமெல்லாம் வாழ்த்தியது. எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவர் விமானம் ஏறியதும் பெயிண்டைச் சுரண்டி நட்டுகளைத் தேடிப் பிடித்தேன். மறுபடியும் ஊறவிட்டேன். ஒருநாள் கம்பி மயிரிழை நகர்ந்தது. தோட்டமே கேட்கக் கத்திவிட்டேன். அப்போதும் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, மாட்டினேன்.

முதல் மழைக்கு மறுநாள் வயலில் இறக்கினேன். மிச்சப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர, புகை கக்கிக்கொண்டு உழுதது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோ எடுத்து, பாட்டு எதுவும் போடாமல், அண்ணனுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "இத யாருக்கும் அனுப்பிறாதடா, மானம் போயிரும். பாக்க ஓடாத வண்டி மாதிரி இருக்கு."